இடது பக்கம் இழுத்த வண்டி

மூன்று வருடமாக என் தொப்பை மேல் ஒரு பழி இருந்தது. பால்பாண்டி மச்சானின் கார் நேராக ஓடாமல் இடது பக்கம் இழுப்பதற்கு, இடது சீட்டில் உட்காரும் நான்தான் காரணம் என்பது அந்தப் பழி. இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வடுகபட்டி பூண்டு மண்டியில் நான் கணக்கு எழுதுகிற இடத்துக்கே வந்து, மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏறி நிற்கச் சொல்லுவார். சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"போன மாசத்துக்கு ஏறியிருக்கு மாப்ள" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, மச்சான் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் ஒரு வாரத்துக்கு மண்டியில் யாரும் என்னை முத்துக்குமரன் என்று கூப்பிட மாட்டார்கள். பருத்த பூண்டைச் சொல்லுகிற மாதிரி, "மொத ரகம் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்பார்கள்.

பால்பாண்டி என் அக்கா முனீஸ்வரியின் வீட்டுக்காரர். பிறந்தது கெங்குவார்பட்டியில், வாழையும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில், ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் பல வருடம் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வடுகபட்டிக்கு வெளியே, ஜெயமங்கலம் போகிற ரோட்டோரமாகச் சொந்த ஷெட் போட்டார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள்தான் பிழைப்பு. மலையிலிருந்து இறங்கி வருகிற ஜீப்பின் சத்தத்தை வைத்தே, அடுத்து எது உடையும் என்று சொல்லிவிடுவார். அந்த வேலையில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் அந்த வெள்ளை எஸ்டீம் கார் மேல்தான்.

அது குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் இல்லை. பின் சீட்டைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. இஞ்சினைப் பிரித்து அவரே கூட்டிக் குறைத்து, என்னவெல்லாமோ செய்து வைத்திருந்தார். சாவியைத் திருகினால் பக்கத்துத் தோப்பில் மாடுகள் கயிற்றை இழுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை மலையேறும் போட்டி வைப்பார்கள். கீழே இருந்து உச்சிவரை, தோட்டத்துத் தார் ரோட்டில், ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வளைவுகளைச் சொல்ல ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லாததால் அந்த ஆள் நான்.

இந்த இழுப்பு சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட வண்டியின் முன்னால் நின்று பார்த்தால், இரண்டு முன் டயரின் தலையும் இஞ்சின் பக்கமாகச் சற்று சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கத்து டயர் ரோட்டை முழுசாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தால் வண்டி நேராகப் போகும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், குறைந்த பக்கம் இழுக்கும். மச்சான் சஸ்பென்ஷனின் மேல்தலையில், உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி இறுக்குகிற மாதிரி பிளேட் போட்டிருந்தார். நட்டைத் தளர்த்தி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். சக்கரத்தில் காந்தத்தால் ஒட்டுகிற மீட்டர் ஒன்று சாய்வை டிகிரிக் கணக்கில் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் வேலை. மீட்டரை இடது சக்கரத்தில் ஒட்டுவார், பார்ப்பார். வலது சக்கரத்தில் ஒட்டுவார், பார்ப்பார். தளர்த்துவார், நகர்த்துவார், இறுக்குவார். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு டிகிரி, புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசம் இல்லை என்று ஆன பிறகு முகம் மலர்ந்து வண்டியை வெளியே எடுப்பார். வைகை அணை ரோட்டில் நேரான இடம் பார்த்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார். வண்டி மெதுவாக, தெரிந்தே செய்கிறதுபோல, இடது பக்கத்துப் புளியமரங்களைப் பார்க்கப் போகும். அவருடைய முகமும் அதோடு போய்விடும்.

முதலில் டயரைக் குறை சொன்னார், மாற்றினார். அப்புறம் ஸ்பிரிங், மாற்றினார். ரப்பர் புஷ்களை எல்லாம் பிடுங்கிப் புதிது போட்டார். ரோடு போட்ட காண்ட்ராக்டரைத் திட்டினார். எல்லாம் தீர்ந்துபோய் ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்குத்தான் என் தொப்பை அவர் கண்ணில் பட்டது.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்ல மாப்ள. பாரம் ஒருபக்கமா விழுகுது" என்றார்.

"நீங்களும் வலது பக்கம் உக்காந்துதான மச்சான் இருக்கீக?"

"நான் என்ன ஒன்ன மாதிரியா இருக்கேன்?"

அன்றிலிருந்து ராத்திரி பரோட்டா கூடாது என்றார். பெரியகுளத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில், என் இலையில் விழுந்த இரண்டாவது வடையை எல்லோர் முன்னாலும் எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். போட்டிக்கு முந்தின நாள் கஞ்சி மட்டும்தான். நானும் ஒரு மடையன், குடித்தேன். மெலியவும் செய்தேன். வண்டி அப்போதும் இடது பக்கம்தான் இழுத்தது.

இப்போது அந்த ஷெட்டின் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஷெட் கட்டும்போது அழகுமலை கொத்தனார்தான் தரை போட்டார். ரசமட்டம் வைத்து இழைத்த, ஏற்றத்தாழ்வில்லாத தரை. மண்டபங்களுக்குத் தரை போட்டுப் பழகிய கை. காய்ந்ததும் மச்சான் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றினார். தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே வட்டமாக நின்றது. அவ்வளவுதான், சாமி வந்தவர் மாதிரி ஆடிவிட்டார்.

"என்னய்யா தரை போட்டிருக்க? ஈசானியத்துக்கு வாட்டம் எங்க? தண்ணி நிக்கிற எடத்துல தொழில் நிக்குமா?"

வீடோ கடையோ, தரையில் ஊற்றிய தண்ணீர் வடகிழக்கு மூலையைப் பார்த்து ஓட வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் உள்ள கணக்குதான். ஈசானிய மூலை சாமி மூலை. ஆனால் மற்றவர்கள் லேசாக வாட்டம் கொடுத்துவிட்டு விடுவார்கள். மச்சான் விடவில்லை. அழகுமலை, "வண்டி நிக்கிற எடம், மட்டமா இருந்தாத்தான நல்லது?" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளா? அந்தத் தரைக்கு மேலேயே இன்னொரு பூச்சு பூசி, தாராளமாக வாட்டம் வைக்கச் சொன்னார். மறுபடி தண்ணீர் ஊற்றினார். அது விறுவிறுவென்று ஈசானிய மூலைக்கு ஓடியது. அந்த மூலையில் வீரபாண்டி கௌமாரி படத்தை மாட்டி விளக்கு ஏற்றினார்.

அன்றிலிருந்து அந்த ஷெட்டில் எது கீழே விழுந்தாலும் அந்த மூலைக்குத்தான் உருண்டு போகும். பேரிங் குண்டு, நட்டு, வாஷர் எல்லாமே. மச்சான் தேடக்கூட மாட்டார். நேராகப் படத்துக்குக் கீழே போய்க் குனிந்து எடுப்பார். "ஆத்தா எடுத்து வச்சிருக்கா பாத்தியா" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையடிப்பார். நானும் எத்தனையோ தடவை அந்த மூலையில் குனிந்து குண்டு பொறுக்கியிருக்கிறேன். ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லை. ஜீப் வேலையிலும் அது தெரியவில்லை. அந்த ஜீப்புகளின் முன் அச்சு ஒரே இரும்பு. அதில் சாய்ப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் ஒன்றும் கிடையாது.

ஒருமுறை நான் நச்சரித்து, தேனியில் கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கிற கடைக்கு வண்டியைக் கொண்டுபோக வைத்தேன். திரையைப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்காரர், "இடது கம்மியா இருக்கு, வலது கூட இருக்குண்ணே. சரி பண்ணிரவா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணா வச்சு, இப்பத்தான்யா எறக்கிக் கொண்டாந்திருக்கேன். ஒன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் மச்சான். வண்டியில் கை வைக்க விடவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்ததும் மீட்டரை ஒட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு டிகிரி. "பாத்துக்கிட்டியா? இங்கன சரியா இருக்கு, அங்கன தப்பாக் காட்டுது. அப்ப தப்பு யாரு மேல?" நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அக்காவின் பொறுமை, திரிஷாவின் சடங்கன்று முடிந்துபோனது. திரிஷா அவர்களுடைய ஒரே மகள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு, மேளத்தோடு நான் தெருவில் வந்து நிற்கிறேன். வாங்க என்று கையெடுத்துக் கும்பிட வேண்டிய தகப்பனைக் காணோம். தேடிப்போனால் ஷெட்டில் வண்டிக்கு அடியில் கிடக்கிறார். ராத்திரி ஒரு யோசனை வந்ததாம், சும்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாராம். கையெல்லாம் கிரீஸோடு வந்து பிள்ளை நெற்றியில் திருநீறு பூசினார். திரிஷா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீரபாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கௌமாரி சன்னதி முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வருசமாவது மலை உச்சிக்கு வண்டிய ஏத்திக் காட்டுங்க. ஏத்திட்டா, அந்த வண்டி நம்ம வாசல்லயே கெடக்கட்டும், நான் வாயத் தெறக்க மாட்டேன். ஏறலைன்னா குடுத்துரணும். ஆத்தா முன்னாடி சூடத்த அணைங்க."

மச்சான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை யாரும் மீற மாட்டார்கள். கோர்ட்டில் பொய் சொல்லுகிறவன்கூட இதில் சொல்ல மாட்டான்.

போட்டிக்கு நாங்கள் போனபோது மலையில் வெயிலடித்தது. ரோடு நன்றாகக் காய்ந்திருந்தது. வண்டி இஞ்சின் விஷயத்தில் அங்கு வந்திருந்த எதற்கும் குறைந்ததில்லை. முதல் வளைவு இடது. வண்டி கம்பியில் கோத்தமாதிரி உள்ளே வந்தது. இரண்டாவது வளைவும் இடது, அதுவும் அப்படியே. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "வலது, கொண்டை ஊசி" என்று கத்தினேன். மச்சான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். வண்டியின் மூக்கு திரும்பவில்லை. ஒடித்தது ஒடித்தபடி இருக்க, இடது டயர் கீச்சென்று அலறிக்கொண்டு வண்டி நேராகப் போனது. ரோடு தீர்ந்தது. என் பக்கத்து முன் சக்கரம் ஏலச்செடி ஓரத்து வாய்க்காலில் இறங்கி, கதவு மண்மேட்டில் இடித்து நின்றது.

பெல்ட் நெஞ்சை அறுத்ததில் எனக்கு மூச்சே வரவில்லை. மச்சான் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"காலைல என்ன சாப்பிட்ட?" என்றார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. "ரெண்டு இட்லி தின்னேன், அதுக்கு என்னத் தூக்குல போடுங்க!" என்று கத்தினேன். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு அவர் மடிமேல் ஏறி, அவர் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். தோட்டத்து ஆட்கள் கயிறு கட்டி வண்டியை இழுத்து மேலே போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போதும் வண்டி வழி முழுக்க என் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது.

மச்சான் கதவை ஒடுக்கெடுத்தார். வளைந்திருந்த இடது பக்கத்து ராடுகளை மாற்றி, அதே ஷெட்டில், அதே மீட்டரை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஆக்கினார். விற்கப்போகிற வண்டியாக இருந்தாலும் கோணலாகக் கொடுக்கக் கூடாதாம். குமுளியில் பட்டறை வைத்திருக்கிற ஏசுதாசன் என்கிற மலையாளி அந்த வண்டியை ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். போட்டிகளில் பார்த்த பழக்கம், நல்ல மனிதர். ஒரு நாள் காலையில் மச்சான் வண்டியை எடுத்தார். திரிஷா பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் நின்று கையாட்டினாள். அக்கா வெளியே வரவில்லை. நான் கூட வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். வாய்க்கால் கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் அந்த மனிதரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

ஏசுதாசன் வண்டியைத் தன் பட்டறைக்குள் நிறுத்தச் சொன்னார். பேச்சுவாக்கில், பழக்கதோஷத்தில், அவருடைய மீட்டரை எடுத்துச் சக்கரத்தில் ஒட்டினார். இடது பார்த்தார். வலது பார்த்தார். மறுபடி இடது.

"இதெந்தா சேட்டா இங்ஙனெ?" என்றார், இது என்ன இப்படி என்கிற மாதிரி. "இடது ஒண்ணு. வலது மூணு. வேணும்னே இப்பிடி வச்சதாணோ?"

"ஒங்க மீட்டர் பொய் சொல்லுது" என்றார் மச்சான். பையிலிருந்து தன் மீட்டரை எடுத்து ஒட்டினார். இடது ஒன்று. வலது மூன்று. மீட்டரைக் கழற்றி, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். அதேதான்.

"அப்ப ஒங்க தரை கோணல்."

ஏசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நீள ரசமட்டத்தைக் கொண்டுவந்து, முன் சக்கரங்களுக்கு நடுவில் தரையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தார். நடுவில்தான் நின்றது.

மச்சான் அதையும் நம்பவில்லை. பட்டறை ஓரத்து டிரம்மிலிருந்து ஒரு கப் தண்ணீர் மொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் தரையில் ஊற்றினார். தண்ணீர் எங்கேயும் ஓடவில்லை. வட்டமாகப் பரவி அப்படியே நின்றது.

நாங்கள் மூன்று பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மச்சானுக்கு விளங்கிவிட்டது, காது மடல் வரைக்கும் முகம் கறுத்துவிட்டது.

"அழகுமலை மொதல்ல போட்ட தரைல இப்பிடித்தான் நின்னுச்சு" என்றார்.

அப்புறம்தான் எனக்கும் புரிந்தது. எங்கள் ஷெட்டுக்கு வாசல் கிழக்கே. வண்டி எப்போதும் மேற்கே பார்த்து நிற்கும். வடக்கு அதற்கு வலது கை. ஈசானியத்துக்குக் கொடுத்த வாட்டத்தில், வண்டி வலது பக்கமாகச் சரிந்துதான் நின்றிருக்கிறது, எத்தனை வருடமாக! மீட்டருக்குத் தரையைத் தெரியாது. சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். சரிந்த தரையில் இரண்டு பக்கமும் ஒன்று என்று அது சொல்ல வேண்டுமானால், நிஜத்தில் வலது கூடியும் இடது குறைந்தும் இருக்க வேண்டும். அப்படித்தான் இவர் ஞாயிறு தவறாமல், மயிரிழை பிசகாமல், உட்கார்ந்து கோணலாக்கியிருக்கிறார். வலது வளைவில் வண்டியைத் தாங்க வேண்டியது இடது டயர். அதற்குத்தான் சாய்வு பத்தவில்லை. வாய்க்காலில் நாங்கள் விழுந்தது அதனால். என் இரண்டு இட்லியால் இல்லை.

கத்த வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், கத்த முடியவில்லை.

"ஸ்பேனர் குடுங்க" என்றார் ஏசுதாசனிடம்.

நட்டுகளைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் நகர்த்தி இறுக்கினார். டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இடது இரண்டு, வலது இரண்டு. மூன்று வருடம் பாடாய்ப் படுத்திய விஷயம், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டம்ளரைத் தொடாமல் "ஏறு மாப்ள" என்றார்.

குமுளிப் பக்கம் நேரான ரோடு கிடைப்பது அபூர்வம். வண்டிப்பெரியாறு போகிற வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்து முன்னால் கொஞ்சம் கிடைத்தது. மச்சான் வேகம் பிடித்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி போனது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அடுத்து வந்த வலது வளைவில் மூக்கு சொன்னபடி உள்ளே வந்தது. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், வண்டியத் திருப்புங்க, வீட்டுக்குப் போயிருவோம்! அடுத்த வருசம் உச்சிக்கு ஏறாம எங்க போகுது?"

"சத்தியம் பண்ணியிருக்கு."

"வண்டி ஏறலைன்னாத்தான சத்தியம்? வண்டி ஏறும் மச்சான். தரைதான் கோணல்!"

"ஏறுச்சா? ஏறலைல? ஆத்தாகிட்டப் போயி, தரை மேல பழியப் போட்டுத் தப்பிக்கச் சொல்றியா? அந்தத் தரையே அவளுக்காகப் போட்டதுதான்."

பட்டறைக்குத் திரும்பினோம். நான் ஏசுதாசனிடம் தமிழும் மலையாளமுமாக உளறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மச்சானின் தோளில் கை வைத்து, "சேட்டா, வண்டி கொண்டு போய்க்கோ. எனிக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார். மச்சான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓரமாகப் போய் அக்காவுக்கு போன் போட்டேன். சத்தியம் வாங்கியவளே விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன? தரை, தண்ணீர், மீட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஏலே, நெசமாவா? நேராப் போகுதா?" என்றாள்.

"கையவே விட்டுட்டாக அக்கா. நூல் பிடிச்ச மாதிரிப் போகுது."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவுககிட்ட போனக் குடு" என்றாள்.

ஓடிப்போய் நீட்டினேன். மச்சான் போனைப் பார்த்தார்; வாங்கவில்லை. கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"வேணாம் மாப்ள. அவ சரின்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

போனில் அக்கா "என்னங்க, என்னங்க" என்று கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதற்குள் ஏசுதாசனிடம் போய் சாவியைக் கொடுத்துவிட்டார். வலது பக்கத்து நட்டு ஒன்றைக் காட்டி, அதை ரொம்ப இறுக்க வேண்டாம், மரை தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். பிறகு வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ் மலை இறங்கும்போது, வலது வளைவு வரும்போதெல்லாம் அவர் கை தானாக மடியில் திரும்பியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக் கேள்விகள் எனக்குள் வரிசை கட்டி நின்றன. தராசு, கஞ்சி, பந்தியில் பறிபோன வடை. எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். எதைக் கேட்டாலும் இப்போது அவரை அடிப்பதுபோல ஆகிவிடும்.

கம்பத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். தேனி பஸ் நிற்கும்போதே அவர் எதிர்ப்பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். கல்லில் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை உட்கார வைத்து, "ரெண்டு பரோட்டா, சால்னா நல்லா ஊத்தி" என்றார். தனக்கு எதுவும் சொல்லவில்லை. இலை வந்தது. அவரே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊற வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"சாப்பிடு மாப்ள" என்றார்.

மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாத மனிதர். அவரால் ஆனது அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். முடிக்கிற நேரத்தில் அவர் கடைக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இவருக்கு இன்னும் ரெண்டு வைங்கண்ணே" என்றார்.